கல் வாங்கப் போகிறவர்களுக்கு: கிருஷ்ணாபுரம் ரோட்டுக் கல் யார்டு

பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் போகிற ரோட்டில், கிருஷ்ணாபுரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஒரு கல் யார்டு இருக்கிறது. போர்டு வெயிலில் வெளுத்துப்போய்ப் பெயரில் பாதிதான் தெரியும். தெரிகிற பாதியையும் எழுத வேண்டாம் என்று கடைக்கார அண்ணாச்சியே சொல்லிவிட்டார். நெட்டில் ஒரு கடையை நல்லவிதமாக எழுதினால் காசு வாங்கிக்கொண்டு எழுதியதாகத்தான் ஜனங்கள் நினைப்பார்களாம். வாஸ்தவம்தான். வாசலில் பழைய ஆட்டுக்கல் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் தண்ணீர்ப் பானை வைத்திருப்பார்கள், தேடிப் போகிறவர்களுக்கு அந்த அடையாளம் போதும்.

எங்களுக்கு வேண்டியிருந்தது அம்பாசமுத்திரம் பக்கம் கட்டுகிற வீட்டுக்கு அடுப்படி மேடைக் கல், வாசல் படிக்கல், அம்மாவுக்கு ஓர் அம்மி, அப்புறம் திருச்செந்தூரில் இருக்கிற அக்கா வீட்டு கேட்டுக்கு இரண்டு தூண்.

பொதுவாகக் கல் கடைகளில் என்ன நடக்கும் என்று வீடு கட்டினவர்களுக்குத் தெரியும். ஏசி ஹாலில் பலகை பலகையாக நிறுத்தி, மேலே லைட் போட்டு, "இது எக்ஸ்போர்ட் குவாலிட்டி சார், ஆயுசுக்கும் ஒண்ணும் ஆகாது" என்பார்கள், நாமும் நிறத்தைப் பார்த்து மயங்கி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருவோம். இந்த அண்ணாச்சி முதலில் கேட்டது பட்ஜெட்டும் இல்லை, நிறமும் இல்லை. "எங்க போடப் போறிய? வெயில் விழுமா, தண்ணி நிக்குமா, புளிப்பு படுமா, உப்புக் காத்து வருமா?" என்றார். கடை எனக்குப் பிடித்ததற்கு முழுக் காரணமும் இந்தக் கேள்விதான். கல் கெட்டியா மெத்தென்றா என்பது பாதி விஷயம்தான், எது அதன்மேல் வந்து மோதப் போகிறது என்பது மிச்சப் பாதி. அதைக் கேட்காமல் கல் விற்கிறவர் உங்களுக்கு நிறத்தை மட்டும் விற்கிறார்.

அக்கா வீட்டு அடுப்படிக்கு வேறொரு கடைக்காரர், பெயர் வேண்டாம், "பிளாக் கிரானைட்" என்று சொல்லிப் போட்டுக் கொடுத்தது உண்மையில் பாலீஷ் ஏற்றின கடப்பாக் கல். புளி கரைத்த கிண்ணம் வைத்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக வட்டம். அக்கா சபீனா போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்துவிட்டாள். அழுக்காக இருந்தால் போயிருக்கும். அங்கே கல்லே அரித்துப் போயிருந்தது. கடப்பா என்பது ஆந்திராவில் கடப்பா, கர்நூல் பக்கம் எடுக்கிற சுண்ணாம்புக் கல். சுண்ணாம்புக் கல்லின் கால்சியம் கார்பனேட்டில் புளிப்பு பட்டால் ஒரு பங்கு கார்பன் டை ஆக்சைடு வாயுவாகப் பறந்துவிடும், கால்சியம் ஈரத்தோடு கரைந்துவிடும், பாலீஷ் போய்ச் சொரசொரப்பு மட்டும் நிற்கும். மார்பிளுக்கும் இதே கதிதான். இரண்டுமே நம்ம தாழையூத்தில் வெட்டிச் சிமெண்டுக்கு அனுப்புகிற சுண்ணாம்புக் கல்லுக்கு ஒன்றுவிட்ட சொந்தங்கள். அண்ணாச்சி மேஜையில் பில் புத்தகத்துக்குப் பக்கத்தில் எப்போதும் பாதி எலுமிச்சம்பழம் கிடக்கிறது. துண்டுக் கல்லில் நாலு சொட்டுப் பிழிந்துவிட்டு, டீ குடித்து முடிக்கிற நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுத் துடைத்துக் காட்டுகிறார். கடப்பாவில் தடம் விழுந்திருந்தது, கிரானைட்டில் ஒன்றும் இல்லை. எந்தக் கடைக்குப் போனாலும் இதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள், முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மழைத்தண்ணீரும் லேசான புளிப்புதான் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஆலைப் புகை எல்லாம் வேண்டாம், காற்றில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடு கரைந்தாலே சுத்தமான மழையின் பி.எச். (புளிப்பு அளவு, 7-க்குக் கீழே போனால் புளிப்பு) 5.6 வாக்கில் வந்துவிடும். அடுப்படியில் புளித்தண்ணீர் ஒரு மத்தியானத்தில் செய்வதை வெட்டவெளியில் மழை தலைமுறை தலைமுறையாகச் செய்கிறது, சுண்ணாம்புப் பாறையில் குகைகள் உண்டாவது அப்படித்தான். அதற்காகக் கடப்பாவை ஒதுக்கிவிடவும் வேண்டாம். அலமாரித் தட்டுக்கும் பரணுக்கும் அதைவிடச் சல்லிசாக, உருப்படியாக வேறு கல் கிடையாது. நாங்களும் அதற்கு அதைத்தான் எடுத்தோம்.

யார்டின் பின்பக்கம்தான் பார்க்க வேண்டிய இடம். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவிப் பக்கம் இடித்த பழைய வீடுகளிலிருந்து வந்த படிக்கல், தூண், தொட்டி, உரல், துவைக்கிற கல் எல்லாம் வேப்பமரத்தடியில் கிடக்கிறது. கோயில் கல் ஏதும் உண்டா என்று கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்டேன். "எழுத்து வெட்டின கல்லைத் தொடவே மாட்டேன், அது ஊர்ச் சொத்துல்லா" என்றார். அங்கே நடந்து பார்த்தாலே கல் எப்படியெல்லாம் தேயும் என்று விளங்கிவிடும். ஒரு வாசல்படி நடுவில் மட்டும் குழிந்திருந்தது, கால் பட்ட இடம். ஓர் உரல் குழி ஆழமாகி ஆழமாகி அடி ஓட்டையே விழுந்துவிட்டது, அதைப் பூந்தொட்டி என்று யாரோ கேட்டு வைத்திருக்கிறார்கள்.

நான் ரொம்ப நேரம் நின்றது கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்த தூணின் முன்னால். மேல் பாதி வெட்டின உளித்தடம் கூட மாறாமல் இருக்கிறது. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மட்டும் பொரிந்து, குழி குழியாகி, விரல் பட்டால் பொடி உதிர்கிறது. ஒரே கல், ஒரே வயசு, அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? நிலத்தடி உப்புத் தண்ணீர் கல்லின் நுண்துளை வழியாக மேலே ஏறும். ஏறின தண்ணீர் வெயிலில் ஆவியாகிவிடும், உப்பு உள்ளேயே தங்கி மணி மணியாக வளரும். வளர்கிற உப்பு மணி பக்கத்திலிருக்கிற கல் மணியைத் தள்ளும். பள்ளிக்கூடத்தில் பாறை சிதைவு பற்றிப் படித்தபோது, விரிசலில் புகுந்த தண்ணீர் உறையும்போது பருமன் 9 சதவீதம் கூடிப் பாறையைப் பிளக்கும் என்று எழுதியே மார்க் வாங்கினோம். நம்ம ஊரில் அதற்கு ஏது வாய்ப்பு. குளிர்நாட்டில் உறைபனி செய்கிற வேலையை இங்கே உப்பு செய்கிறது, அதுவும் வருஷம் பூராவும். துளை அதிகமான கல்லாக இருந்தால் இன்னும் சீக்கிரம். திருச்செந்தூர் வள்ளி குகை இருக்கிற பாறை, மணப்பாட்டில் சிலுவைக் கோயில் நிற்கிற மேடு இரண்டும் மணற்பாறைதான், கடல் காற்று அதை என்ன செய்யும் என்பதை அங்கே போகும்போது கொஞ்சம் நின்று பாருங்கள்.

ஆக, அக்காவுக்கு நெருக்கமான மணி உள்ள கருங்கல் தூண்தான் என்று முடிவாயிற்று. தூணுக்கு அடியில் ஈரம் ஏறாதபடி தார் ஷீட் போடச் சொன்னார். கூடவே ஒரு விஷயம் சொன்னார் பாருங்கள், அதற்கே தனியாக ஒரு ஸ்டார்: கேட் கீலுக்குத் தூணில் அடிக்கிற கம்பி சாதாரண இரும்பாக இருக்கக் கூடாது. இரும்பு துருப்பிடித்தால் பருமன் பல மடங்கு கூடும், கடல் காற்றில் துரு சீக்கிரம் ஏறும், உள்ளேயிருந்தே தூணைப் பிளந்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போடுங்க, அதை என்கிட்ட வாங்க வேண்டாம், ஜங்ஷன்ல வாங்கிக்கிடுங்க என்றார். தன் கடையில் இல்லாத பொருளுக்கு இப்படி வழி சொல்கிறவர்கள் குறைவு.

மரத்தடியில் ஓர் உருண்டைப் பாறையை இரண்டாகப் பிளந்து போட்டிருக்கிறார். விற்பதற்கு இல்லை, காட்டுவதற்கு. களக்காட்டுப் பக்கம் தோட்டம் திருத்தும்போது எடுத்ததாம். உள்ளே நீலமும் பச்சையும் கலந்த கருப்பு, வெளியே விரல் பருமனுக்குத் துருப்பழுப்பில் ஒரு தோல். இந்தத் தோல்தான் மொத்தக் கதையும். நம்ம மேற்கு மலையில் நிறைய இருக்கிற சார்னோக்கைட் என்ற பாறை இது. பெயருக்கே ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு: கல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்கிற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறையில் வைத்திருந்த கல்லைப் பார்த்துவிட்டு தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893-ல் அவர் பெயரையே பாறைக்கு வைத்தார். அந்தக் கல்லோ நம்ம மெட்ராஸ் பக்கத்திலிருந்து போனது. கல் நம்முடையது, பெயர் மட்டும் அவருடையது, சரி போகட்டும். இந்தப் பாறையில் மூன்று விதமான சரக்கு உண்டு. ஃபெல்ஸ்பார் மழையின் புளிப்பில் மெல்ல மெல்லக் களிமண்ணாக மாறிவிடும். இரும்புச் சத்துள்ள கருப்பு மணிகள் துருப்பிடித்துச் செம்மண் நிறத்தைக் கொடுக்கும். குவார்ட்ஸ் மட்டும் எதற்கும் அசையாது, மற்றதெல்லாம் கரைந்து உதிர்ந்த பிறகு மணலாக மிஞ்சும். வயலில் மிதிக்கிற களியும் ஆற்றில் அள்ளுகிற மணலும் ஒரே பாறையிலிருந்து பிரிந்த பங்காளிகளாக இருக்கலாம் என்று இந்தப் பிளந்த கல்லைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

பாறை ஏன் உருண்டையானது என்று கேட்டேன். மூலைக்கு மூன்று பக்கத்திலிருந்தும் வெயிலும் தண்ணீரும் வரும், ஓரத்துக்கு இரண்டு பக்கம், நடு முகத்துக்கு ஒரு பக்கம்தான். அதனால் மூலைதான் முதலில் போகும், சதுரமாக விரிசல் விட்ட பாறை நாளாக நாளாக உருண்டையாகிவிடும். நான்குநேரி, வள்ளியூர்ப் பக்கம் காட்டில் அங்கங்கே கிடக்கிற உருண்டைகளை யாரும் உருட்டிக் கொண்டுவந்து போடவில்லை, பெரும்பாலும் இருந்த இடத்திலேயே தேய்ந்தவை. மேடைக் கல் ஓரத்தை ஹாஃப் ரவுண்டு எடுக்க வேண்டும் என்று இந்த யார்டில் அடம்பிடிப்பதும் இதே கணக்கில்தான், கூர் மூலை என்றால் குக்கர் இடித்தாலே பெயர்ந்துவிடும்.

இருந்த இடத்தில் சிதைவது ஒன்று, சிதைந்ததை வாரிக்கொண்டு போவது வேறொன்று. இரண்டாவது வேலைக்கு நம்மிடம் தாமிரபரணி இருக்கிறது. வெறும் தண்ணீர் கெட்டிப் பாறையைப் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது, அது தூக்கி வருகிற மணலும் கூழாங்கல்லும்தான் அரம். குற்றாலத்தில் மெயினருவி நேராக நம் தலையில் விழுவதில்லை, மேலே பொங்குமாங்கடல் என்கிற பள்ளத்தில் விழுந்து பொங்கி வழிந்துதான் கீழே வருகிறது. அந்தப் பள்ளம் அருவி தானே தோண்டிக்கொண்டது. குறுக்குத்துறை முருகன் கோயில் ஒவ்வொரு வெள்ளத்திலும் முங்கி எழுகிறது, நிற்கிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டின 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆறு எவ்வளவு மண்ணை வாரிப் போனது என்பதைக் கரையோரத்துக்காரர்களிடம் கேளுங்கள். அப்படி வாரிப்போய்ப் போட்டுப் போட்டுத்தான் பாண்டியர் துறைமுகமாக இருந்த கொற்கையிலிருந்து இன்றைக்குக் கடலைப் பார்க்க வண்டி கட்டிப் போக வேண்டியிருக்கிறது.

இதைக் கல் கடை ரிவ்யூவில் ஏன் சொல்கிறேன் என்றால், மேடைக் கல்லுக்கு எங்களுக்குப் பிடித்தது காஷ்மீர் ஒயிட். பெயரைப் பார்த்து இமயமலை என்று நினைத்துவிடாதீர்கள், நம்ம மதுரைப் பக்கத்துக் கல்தான். வெள்ளையில் சிவப்புப் பொட்டுப் பொட்டாக இருப்பது கார்னெட் என்கிற கனிமம். அதே கார்னெட்தான் உவரிப் பக்கம் கடற்கரையில் மணலைச் சிவப்பாக்குகிறது. மலைப் பாறையிலிருந்து உதிர்ந்து ஆற்றோடு கடலுக்குப் போய், கனம் அதிகம் என்பதால் அலை லேசான மணலை இழுத்துப் போனபின் இது கரையில் தங்கிவிடுகிறது. அழகுதான். ஆனால் கார்னெட்டில் இரும்பு இருக்கிறது, ஓயாமல் ஈரம் நிற்கிற இடத்தில் போட்டால் பொட்டைச் சுற்றிப் பழுப்புக் கறை கசியும். "சிங்க் பக்கம் வேண்டாம், பூஜை ரூமுக்குப் போடுங்க" என்று விலை கூடின கல்லிலிருந்து எங்களைத் திருப்பிவிட்டார். மேடைக்குக் கருப்புதான் எடுத்தோம், எலுமிச்சைப் பரீட்சையில் பாஸானது.

வாசல் படிக்கு ஃபிளேம் ஃபினிஷ். இது கண்ணால் பார்க்க வேண்டிய வேலை. கேஸ் டார்ச்சின் தீயைக் கல்மேல் ஓட்டினால் படபடவென்று பொரிந்து மேல்தோல் சில்லுச் சில்லாகத் தெறிக்கிறது. கல்லுக்குள் இருக்கிற ஒவ்வொரு மணியும் சூட்டில் வேறு வேறு அளவுக்கு விரியும், குவார்ட்ஸ் மற்றதைவிட அதிகமாக. ஒன்றையொன்று நெட்டித் தள்ளி மேலே இருப்பது பெயர்ந்துவிடும். மலைப் பாறை தகடு தகடாக உரிவதில் சூட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. பழைய கல் வேலைக்காரர்கள் பாறைமேல் விறகைப் போட்டு எரித்துப் பலகை எடுத்ததும் இந்தச் சூட்டை வைத்துத்தான். இப்போது சிலிண்டர் வந்துவிட்டது, அவ்வளவுதான். மழையில் வழுக்காது, வயசானவர்கள் இருக்கிற வீட்டுக்குக் கட்டாயம் இதைப் போடுங்கள். பாலீஷ் போட்ட கல்லை வாசல்படியில் போடச் சொல்கிற எஞ்சினியரை நம்பாதீர்கள்.

அம்மி விஷயத்தில் அம்மா யாரையும் பேசவிடவில்லை. "மிக்ஸியில அரைச்ச துவையலை நீங்க தின்னுங்க" என்று சொல்லிவிட்டுத் தானே ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார். கணீரென்றால் உள்ளே விரிசல் இல்லை, மத்துமத்தென்றால் வேண்டாம். "அக்காவுக்கு நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல" என்று அம்மாவைக் காட்டிச் சொல்லிவிட்டு அண்ணாச்சி ஒதுங்கிக்கொண்டார். மணி பெரிதாக உள்ள கல்லில் மெத்தென்ற மணி முதலில் தேய்ந்து குவார்ட்ஸ் தூக்கி நிற்கும், அதனால் பிடி இருக்கும். ஒரே சீரான கருப்புக் கல் மழமழவென்று ஆகிவிடும், அடிக்கடி கொத்த வேண்டும் என்று மட்டும் சொன்னார். அம்மி கொத்துகிறவர் தெருவில் கூவிக்கொண்டு வருவது இப்போது அருகிவிட்டது, ஆனால் இந்தக் கடையில் கொத்திக் கொடுக்க ஆள் உண்டு. வீட்டுக்கு வந்ததும் தவிடு போட்டு அரைத்துக் கொட்டி, அப்புறம் அரிசி போட்டு அரைத்துக் கொட்டி, பொடி வராமல் ஆன பிறகுதான் மிளகாய் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் குழம்போடு கல்லும் உள்ளே போகும்.

துவைக்கிற கல் ஒன்றின்மேல் சாம்பல் பூத்தது போலத் திட்டுத் திட்டாக ஏதோ ஒட்டியிருந்தது. கடைப் பையன் அதை ஆசிட் போட்டுக் கழுவித் தருவதாகச் சொன்னான். வேண்டவே வேண்டாம். அது பாசியும் பூஞ்சையும் கூட்டுக் குடித்தனம் நடத்துகிற லைக்கன், பிரியாணிக்குப் போடுகிற கல்பாசியும் இந்த ஜாதிதான். அதுவும் அமிலம் சுரந்து கல்லை அரிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வருஷக் கணக்கில் அது செய்கிற சேதத்தைவிட ஒரு பாட்டில் ஆசிட் செய்கிறது அதிகம். தண்ணீரும் தென்னை நார் பிரஷும் போதும்.

குறை சொல்ல வேண்டியதும் இருக்கிறது. அண்ணாச்சி இல்லாத நேரம் கவுண்டரில் உட்காருகிற பையன் எல்லாக் கல்லுக்கும் கறை ஊறாமல் இருக்கப் பூசுகிற சீலர் டப்பா ஒன்றைத் தலையில் கட்டப் பார்க்கிறான். அடர்த்தியான கருப்புக் கல்லுக்கு அது தண்டச் செலவு, வெளிர் நிறக் கல்லுக்குத்தான் பிரயோஜனம். பழைய கல்லுக்குச் சொல்கிற விலை புதுக் கல்லைவிட அதிகம், ஆன்டிக் என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டு. இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய குறை, கல் அறுக்கிற ஷெட். மெஷினில் அறுக்கும்போது தண்ணீர் விடுகிறார்கள், சரி. கை மெஷினில் சிங்க் ஓட்டை வெட்டும்போது அப்படியே காய்ந்த கல்லில் வெட்டுகிறார்கள், பையன்கள் மூக்கில் ஒரு துண்டு கூட இல்லை. மலையில் லட்சக்கணக்கான வருஷம் மழையில் கிடந்தும் கரையாத குவார்ட்ஸ் நுரையீரலுக்குள் போனால் மட்டும் கரைந்துவிடுமா? சிலிகோசிஸ் வந்தால் குணப்படுத்த மருந்து கிடையாது. அண்ணாச்சியிடம் நேரிலேயே சொன்னேன். "மாஸ்க் வாங்கிக் குடுத்தா போட மாட்டேங்கானுவ" என்றார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை, கை மெஷினுக்கும் தண்ணீர் பைப் கொடுக்கலாமே, பெரிய செலவு இல்லை. இதற்காகத்தான் நாலு ஸ்டார். போகிறவர்கள் நீங்களும் கேளுங்கள், வாடிக்கையாளர்கள் நாலு பேர் கேட்டால் மாறும்.

மற்றபடி ஜிபே உண்டு, பில் கேட்டால்தான் கொடுப்பார்கள், கேளுங்கள். ஏற்றுக்கூலி விலையில் சேராது, முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், வண்டி அம்பாசமுத்திரம், தென்காசி வரைக்கும் அனுப்புகிறார்கள். துண்டு விழுந்த கல்லைத் தனியாகக் குவித்து வைத்திருக்கிறார்கள், ஜன்னல் படிக்கு அளவு சொன்னால் அதிலிருந்து பாதி விலைக்குத் தேடிக் கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கிரேன் ஆள் இருக்க மாட்டார், அதனால் கனமான கல் எடுக்கிறவர்கள் வார நாளில் காலையிலேயே போய்விடுவது நல்லது.